பூங்கா இல்லாத பூங்கா நகர்



திருத்தணியிலிருந்து புறநகர் மின்ரயிலில் சென்னை செல்வோர் இறங்கும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். சாலையைக் கடந்தால் சென்னை பூங்கா என்றொரு நிலையம். அருகிலேயே பூங்கா நகர் என்று மற்றொன்று. நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளில், மாணவர் சிலரை எழும்பூர் அருங்காட்சியகம் காண அழைத்துச் சென்றேன். பெயர்ப்பலகையைப் படித்த சிறுவன் ஒருவன், "ஐயா, பூங்கா எங்கே?" என்று கேட்டான். நேரமாகிவிட்டது என்று சொல்லி அவனை நடத்திச் சென்றுவிட்டேன். அன்று தராத விடையை இன்று தர விரும்புகிறேன்.

சிறுவன் நின்ற இடத்தை ஒட்டித்தான் பூங்கா இருந்தது. 1859-ஆம் ஆண்டில் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், நெரிசல் மிகுந்த நகரத்து மக்கள் நல்ல காற்றைச் சுவாசிப்பதற்கென்று அங்கே ஒரு பெரும் பூங்காவை அமைக்க முனைந்தார். அதற்கு மக்கள் பூங்கா என்றே பெயரிட்டனர். பரப்பு 116 ஏக்கர். அதனுள் குளங்கள் பல; வளைந்து செல்லும் பாதைகள்; இசைக்குழு வாசிக்க மேடை; பின்னர் ஒரு விலங்குக்காட்சிசாலை. அதே காலத்தில்தான் நியூயார்க் நகரில் சென்ட்ரல் பார்க் உருவாகிக் கொண்டிருந்தது. அது 843 ஏக்கர் பரப்போடு இன்றும் நகரத்தின் நடுவே நிற்கிறது. நம் பூங்காவோ பெயரளவில் எஞ்சியது. இது எவ்வாறு நேர்ந்தது?

பகைவர் எவரும் படையெடுத்து வந்து அதை அழிக்கவில்லை. நகரத்துக்குப் பொதுக்கூட்ட மண்டபம் ஒன்று தேவைப்பட்டது. 1880-களில் விக்டோரியா பொது மண்டபம் பூங்கா நிலத்தில் எழுந்தது. பிராட்வேயில் நெருக்கடியாயிருந்த பழைய சந்தைக்கு மாற்று இடம் தேவைப்பட்டது. 1900-இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. நகராட்சி மன்றத்துக்கு மாளிகை தேவைப்பட்டது. 1913-இல் ரிப்பன் மாளிகை நிறைவுற்றது. விளையாட்டரங்கும் அங்கேயே அமைந்தது. 1985-இல் விலங்குக்காட்சிசாலை வண்டலூருக்குச் சென்றது. அதே ஆண்டு மே மாதத்தில் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் ரயில் நிலையம் எழுந்தது. கடைகளை இழந்த வணிகர்க்கு இடம் வேண்டுமே என்று அல்லிக்குளம் தூர்க்கப்பட்டு, அதன்மேல் வணிக வளாகம் கட்டப்பட்டது.

இவற்றுள் தீய காரியம் எது? மண்டபம் நல்லது, சந்தை நல்லது, விளையாட்டரங்கும் ரயிலும் நல்லவையே. ஒவ்வொன்றும் கேட்டது ஒரு மூலை மட்டுமே. "இவ்வளவு பெரிய பூங்காவில் ஒரு மூலைதானே" என்று ஒவ்வொரு தலைமுறையும் இணங்கிற்று. மூலைகள் முழுதும் போனபின் நடுவிடம் எங்கே நிற்கும்? ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் மை லேடீஸ் பூங்கா என்னும் சிறு பகுதி மட்டுமே மிஞ்சியது. மூர் மார்க்கெட்டின் நினைவாக அதன் சிறு மாதிரி ஒன்றை ரயில் நிலையத்தார் வைத்தனர். அதுவும் வாகன நிறுத்துமிடத்தின் நடுவிலேதான் அமைந்தது!

இத்தகைய இழப்பைத் தடுக்கவே, 1959-ஆம் ஆண்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் சட்டம் நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. உள்ளாட்சி மன்றங்கள் தம் எல்லையிலுள்ள பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1991-இல், பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்லதே, ஆயினும் பூங்காவை விழுங்க அது போதிய காரணமன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இனி, வாகன நிறுத்த விதிகளைப் பாருங்கள். பூங்காவைப் பற்றிய அதே கேள்விதான் இங்கே வீதிக்கு வருகிறது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடைபாதையிலும், பாதசாரிகள் கடக்கும் இடத்திலும், பேருந்து நிறுத்தத்தின் அருகிலும், பள்ளி, மருத்துவமனை வாயில்களிலும் வாகனம் நிறுத்தலாகாது என்கின்றன. ஒரு கார் நிற்க ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் ஒதுக்குவது வழக்கம். பெருக்கிப் பார்த்தால் பன்னிரண்டரைச் சதுர மீட்டர். அவ்விடத்தில் பத்துச் சிறுவர் தாராளமாக அமர்ந்து பாடம் கேட்கலாம். நடைபாதையில் நிற்கும் கார் எவரையும் அடிப்பதில்லை. ஆனால் முதியவரையும் கைக்குழந்தையோடு வரும் தாயையும் வண்டிகள் விரையும் சாலைக்குத் தள்ளிவிடுகிறது.

பிறரைக் குறைகூறி நான் தப்பித்துக்கொள்ள இயலாது. தலைமையாசிரியனாக இருந்தபோது, ஆசிரியர்களின் வண்டிகள் வெயிலில் காய்கின்றனவே என்று விளையாட்டுத் திடலின் ஓரத்தில் கொட்டகை போட இசைந்தேன். "ஒரு மூலைதானே" என்று நானும் சொன்னேன். மறு ஆண்டு கொட்டகை நீண்டது. ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டபோது, பாதை கொட்டகைத் தூணில் முட்டி நின்றது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. வளைந்து ஓடக் கற்றுக்கொண்டார்கள். அக்காட்சி இன்றும் என்னை வருத்துகிறது.

போனதை மீட்கவும் முடியும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. பனகல் பூங்காவிலிருந்து அண்ணா சாலை நோக்கிச் செல்லும் தியாகராய சாலையைப் பாண்டி பஜார் என்பர். வாகனங்கள் அடைத்து நின்ற அச்சாலையின் நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்டு, 2019 நவம்பரில் நடப்போர்க்கெனத் திறந்துவைக்கப்பட்டன. வாகனங்களை நிறுத்த அருகில் அடுக்கு மாடிக் கட்டடம் ஒன்றும் எழுப்பப்பட்டது. வண்டிக்கு இடம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. நடப்பவனின் இடத்தைப் பறிக்காமல் வண்டிக்கு இடம் தேடினர்.

நம் திருத்தணி மலைக்கு 365 படிகள். மலைமேல் செல்ல வண்டிப்பாதையும் உண்டு. ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து வருவோர் கூட்டத்தையும், வீதியோரம் நிற்கும் வண்டிகளையும் ஆண்டுதோறும் காண்கிறோம். காவடிக்கு வழிவிடுவதைக் கற்றுக்கொடுக்க நமக்குச் சட்டம் தேவைப்படவில்லை. அந்த நாளுக்குரிய மரியாதையை மற்ற நாள்களுக்கும் நீட்டினால் போதும்.

மாணவர்களே, உங்கள் ஊர்த் திடலைக் காட்டி எவரேனும் "ஒரு மூலைதானே" என்று சொல்லக் கேட்டால், பூங்கா எங்கே என்று வினவிய அச்சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். மூலை போகுமுன் அக்கேள்வியை நீங்கள் கேட்டுவிட வேண்டும்.