பூனைத் தோட்டத்துக்கு என்ன நடந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற திங்கட்கிழமை காலை பாடசாலை கேட்டடியில் ஒரு பால்மாப் பெட்டி கிடந்தது. உள்ளே ஐந்து பூனைக்குட்டிகள். யார் வைத்தார்கள் என்று நான் தேடவில்லை. ஏனென்றால் பல வருடங்களுக்கு முன் ஒரு தாய்ப் பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய் மீன் சந்தையடியில் விட்டுவிட்டு வந்தவன் நானும்தான். "அங்கே அதற்குச் சாப்பாட்டுக்குக் குறையிருக்காது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஊர் இளைஞர்கள் சிலர் கைவிடப்பட்ட பூனைகளுக்கு ஒரு காப்பகம் போடக் கேட்கிறார்கள். அதற்கு வந்த பதில்களில் இரண்டு திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, "மனிசனுக்கே வழியில்லை, பூனைக்கா?" இரண்டாவது, "இது வெள்ளைக்காரன் பழக்கம்." முதலாவதைப் பிறகு பேசுவோம். இரண்டாவது வரலாற்றுப்படி பிழை.

மம்லூக் சுல்தான் ளாஹிர் பைபர்ஸை ஐன் ஜாலூத் போரோடு சேர்த்து நமக்குத் தெரியும். 1260 முதல் 1277 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்டவர், தாத்தாரியரையும் சிலுவைப் படையினரையும் எதிர்த்து வாழ்நாள் முழுக்கக் குதிரையில் இருந்தவர். 1260களின் கடைசியில் கெய்ரோவின் வடக்குப் புறத்தில் அவர் ஒரு பெரிய பள்ளிவாயலைக் கட்டினார். அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்தைப் பூனைகளுக்காக வக்பு செய்தார் என்று கெய்ரோ மக்கள் சொல்லிவந்தார்கள். அதன் பெயரே 'பூனைத் தோட்டம்'. லண்டனில் முதல் நாய்க் காப்பகம் வருவதற்கு ஏறக்குறைய அறுநூறு வருடம் முந்திய கதை இது.

இதை நமக்கு எழுதி வைத்தவர் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர். 1820களிலும் 30களிலும் கெய்ரோவில் அவ்வூர் உடுப்பு உடுத்து, அரபு பேசி வாழ்ந்தவர். எகிப்தியரின் வாழ்க்கை பற்றிய அவரது புத்தகம் 1836இல் வெளிவந்தது. தினமும் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் காழி நீதிமன்றத்தின் பெரிய முற்றத்துக்கு இறைச்சிக் கழிவு வரும், அந்த நேரத்துக்குப் பூனைகள் கூட்டமாக வந்து கூடிவிடும் என்று எழுதுகிறார். வழக்கு விசாரிக்கும் இடத்தில் பூனைகளுக்கு என்ன வேலை என்று அவருக்கே ஆச்சரியம். விசாரித்தபோதுதான் பைபர்ஸின் தோட்டத்தின் கதை கிடைத்தது.

அந்தக் கதையின் அடுத்த பகுதிதான் என்னை உறுத்தியது.

வக்பு என்றால் சொத்தை விற்க முடியாது, அதன் வருமானத்தைத்தான் குறித்த காரியத்துக்குச் செலவழிக்க வேண்டும். நமக்கெல்லாம் தெரிந்த சட்டம். ஆனால் லேன் போன நேரம் அந்தத் தோட்டம் பல தடவை கைமாறி முடிந்திருந்தது. "தோட்டம் பாழடைந்துவிட்டது, திருத்துவதற்குப் பெரிய செலவு" என்று காரணம் சொல்லி விற்றவர்கள் வேறு யாருமல்ல, அதன் நம்பிக்கையாளர்களே. மிஞ்சியது 'ஹிக்ர்' எனப்படும் நிலவாடகை மட்டும், வருடத்துக்கு வெறும் 15 பியாஸ்டர். ஐம்பது வருடத்துக்கு முன் பேசிய வாடகையிலேயே இன்றும் ஓடுகிற பள்ளிக் கடைகளை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

வருமானம் போன பிறகு பூனைகளின் சாப்பாடு காழியின் தலையில் விழுந்தது. வக்புச் சொத்துகள் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு, ஆகவே முந்தியவர்கள் விட்ட பிழைக்கும் அவர்தான் செலவழிக்க வேண்டியிருந்தது. கொஞ்சக் காலத்தில் அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை. இதற்கிடையில் கெய்ரோக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். வீட்டில் வேண்டாத பூனை இருந்தால் கொண்டுபோய்க் காழியின் முற்றத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு என் சாக்கும் மீன் சந்தையும்தான் ஞாபகம் வந்தன.

பைபர்ஸின் பள்ளிக்கும் கஷ்ட காலம் வந்தது. நெப்போலியனின் படை அதைக் கோட்டையாக்கியது. பிறகு சவர்க்காரத் தொழிற்சாலை, பிரித்தானியர் காலத்தில் மாடறுக்கும் இடம். நீண்ட திருத்த வேலைக்குப் பிறகு 2023இல்தான் மறுபடி திறந்தார்கள்.

இனி வெள்ளைக்காரன் பக்கம். 1860இல் மேரி டீல்பி என்ற பெண் லண்டனின் ஹொலோவே பகுதியில், பழைய குதிரை லாயத்தில், தெருவில் பட்டினி கிடந்த நாய்களுக்கு இடம் கொடுத்தார். 'டைம்ஸ்' பத்திரிகை அவரைக் கேலி செய்தது. வீடில்லாத மனிதர்கள் இருக்கும்போது நாய்க்கு வீடா என்பதுதான் அன்று பலரும் கேட்ட கேள்வி. நமது ஊரில் வந்த முதலாவது பதில் அங்கேயும் வந்திருக்கிறது! குரைக்கும் சத்தம் தாங்க முடியவில்லை என்று அயலவர்களும் முறைப்பாடு செய்தார்கள். டீல்பி 1865இல் இறந்துபோனார். ஆனால் காப்பகம் நின்றுபோகவில்லை. 1871இல் பட்டர்சீக்கு மாறியது, 1883இல் பூனைகளையும் ஏற்றது, இன்றுவரை இருக்கிறது. சந்தா கட்டியவர்களும் மரண சாசனத்தில் பணம் எழுதி வைத்தவர்களும்தான் அதைத் தாங்கினார்கள். இதையும் மறைக்கக் கூடாது: அந்தக் காலத்தில் உரிமையாளர் வராத, யாரும் வாங்காத நாய்களை அங்கே கொன்றார்கள். வரவு நிற்காத இடத்தில் இடம் எப்படிப் போதும்?

நாமும் பெருமை பேசி முடிக்க முடியாது. நூற்றாண்டுகளாகத் தெரு நாய்களுக்குச் சோறு வைத்த இஸ்தான்புல் நகரில் 1910இல் பல பத்தாயிரம் நாய்களைப் பிடித்து, தண்ணீர் இல்லாத ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். பட்டினியால் அவை ஒன்றையொன்று தின்று செத்தன. அதுவும் நமது வரலாறுதான்.

இலங்கையில் விசர்நாய்க்கடிச் சட்டம் 1893இலும், மிருக வதைச் சட்டம் 1907இலும் வந்தன. இரண்டாவதில் அன்று போட்ட தண்டப்பணத்தின் உச்சம் நூறு ரூபாய். தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் 2006இல் நிறுத்தியது. அதன் பிறகு தடுப்பூசியும் கருத்தடையும்தான் வழி என்றானது. நாய் விடயத்தில் நமது ஷாபிஈ மத்ஹபின் சுத்தம் பற்றிய சட்டம் தெரிந்ததே. அதை வைத்து நாய்க்குக் கல்லெறியச் சட்டம் இருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிக்கப்பட்ட ஹதீஸும் அதே பிள்ளைகளுக்குப் பாடம்தான், பரீட்சைக்கு எழுதுகிறார்கள்.

ஆகவே இளைஞர்களிடம் நான் கேட்பது கொட்டிலின் அளவையோ கூரைத் தகட்டின் விலையையோ அல்ல. அதற்கு ஒரு தனவந்தர் கிடைத்துவிடுவார். மூன்றாவது வருடம் சாப்பாட்டுக்கு யார் பொறுப்பு? கணக்கை யார் காட்டுவது? வாசலில் பெட்டியோடு வருபவரிடம் என்ன சொல்வது? "எடுக்கிறோம், ஆனால் தாய்ப் பூனையையும் கொண்டு வாருங்கள், கருத்தடை செய்து திருப்பித் தருகிறோம்" என்று சொல்ல முடிந்தால், காழியின் முற்றத்தில் நடந்தது இங்கே நடக்காமல் பார்க்கலாம். மிருக வைத்தியரிடம் பேசிச் செலவை அறிந்து வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நம்பிக்கையாளர் சபையிடம் அந்தக் கணக்கைக் கொடுப்பதாக ஏற்பாடு.

பெட்டியில் இருந்த ஐந்தில் ஒன்று அன்றிரவே செத்துவிட்டது. மூன்றை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், உம்மாமாரிடம் கேட்டுவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் ஒன்று இப்போது என் வீட்டில், இதை எழுதும்போது திருத்தாமல் கிடக்கும் தவணைப் பரீட்சைத் தாள்களின் மேல் படுத்திருக்கிறது.