எஸ்கேப் என்னும் 27

பழவங்காடி என்ற பெயருக்குள் ஓர் அங்காடி இருக்கிறது. ஆனால் திருவனந்தபுரத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்று நினைவுக்கு வருவது பிள்ளையாரும் அவர் முன்னால் உடைபடும் தேங்காயும்தான். மளிகை வாங்கப் போகிறவர் சாலைக் கம்போளம் என்பார். பெயர் நிலைத்து, பொருள் நகர்ந்துவிட்டது. விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் எஸ்கேப்புக்கும் அதே கதைதான்.

தமிழில் எஸ்கேப் என்றால் நழுவுவது. கடன் கொடுத்தவர் தெருமுனையில் தெரிந்ததும் பின்வாசல் வழியே போகிறவன் 'எஸ்கேப் ஆயிட்டான்'. லத்தீன் வேரும் அப்படித்தான்: பிடித்தவன் கையில் மேலங்கியை விட்டுவிட்டு ஓடுவது. நம் கலைச்சொல்லாளர்களும் 'விடுபடு விசை' என்றார்கள். அழகான சொல்தான், ஆனால் அந்த விசை பிறந்த காரணம் அதில் இல்லை.

1960இல் ஐபிஎம்மில் இருந்த பாப் பெமர் ஒரு சிக்கலைப் பார்த்தார். எழுத்துகளுக்கு எண் கொடுப்பதில் ஒவ்வொரு கணினிக்கும் ஒவ்வொரு அட்டவணை. 'இனி வருவதை வழக்கமான அட்டவணையில் தேடாதே' என்று எச்சரிக்க மட்டுமே ஓர் எழுத்து வேண்டும் என்றார். தப்பிப்பது அட்டவணையிலிருந்து, ஆள் எங்கும் ஓடவில்லை. அந்த எழுத்து பிறகு ஆஸ்கி என்னும் பொது அட்டவணையில் 27ஆம் எண்ணில் நிலைத்தது.

1978இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கொண்டுவந்த விடி100 திரைமுனையம் இந்த 27ஐ நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. அம்புக்குறி விசைகளுக்கென ஆஸ்கியில் எண் கிடையாது. எனவே மேல் அம்பை அழுத்தினால் 27, 91, 65 என மூன்று எண்கள் அடுத்தடுத்துப் போகும்: எஸ்கேப், சதுர அடைப்பு, பெரிய ஏ. இன்றைய டெர்மினல்களும் அதையே செய்கின்றன. லினக்ஸில் 'கேட்' கட்டளையை 'வி' விருப்பத்துடன் ஓடவிட்டு மேல் அம்பைத் தட்டினால், ஒரு கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்பு, ஓர் ஏ என்று கண்ணெதிரே வந்து நிற்கும்.

பாஷ் என்னும் கட்டளை மொழியில் எழுதும் ஸ்கிரிப்டில் சிறப்பு விசையைக் கண்டுபிடிப்பது இதனால்தான் தலைவலி. 'ரீட்' கட்டளையால் ஓர் எழுத்து வாங்குகிறோம், வந்தது 27. பயனர் எஸ்கேப்பைத்தான் அழுத்தினாரா, அம்புக்குறியின் முதல் துண்டா? எண்ணைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. கொஞ்சம் காத்திருந்து பார்க்க வேண்டும்: அடைப்பு வந்தால் அம்பு, ஒன்றும் வராவிட்டால் எஸ்கேப். திரை நிரல்களுக்கான என்கர்சஸ் நூலகம் வழக்கமாக ஒரு முழு விநாடி காத்திருக்கும். காத்திருப்பைக் குறைத்தாலும் ஆபத்து: தூரத்து சர்வரில் இணைப்பு இழுத்தால் மூன்று எண்களும் பிரிந்து வந்து, அம்பை எஸ்கேப் என்று நிரல் முடிவுகட்டிவிடும். (டேபும் கண்ட்ரோல்-ஐயும் ஒரே 9தான், அங்கே எவ்வளவு காத்திருந்தும் பயனில்லை.)

எஸ்கேப்பின் இரண்டு பொருள்களும் இன்று இரண்டு எடிட்டர்களில் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றுக்குப் பழவங்காடி இருக்கும் ஊரோடும் ஒரு தொடர்பு உண்டு: 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. அதற்கு ஈமாக்ஸ் எடிட்டரை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். அவருடைய ஈமாக்ஸில் பெமரின் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது: எஸ்கேப் தட்டி எக்ஸ் தட்டினால் ஆல்ட்-எக்ஸ் அழுத்தியதற்குச் சமம். பில் ஜாயின் 'வி' எடிட்டரிலோ எஸ்கேப் என்றால் எழுதும் நிலையிலிருந்து வெளியே வருவது. அவர் வேலைசெய்த ஏடிஎம்-3ஏ முனையத்தில் அந்த விசை இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு எட்டும்படி இருந்தது. தமிழ்ப் பேச்சு வழக்கு 'வி' பக்கம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் ஈமாக்ஸ் பக்கம் நின்று யோசித்தால்தான் வேலை நடக்கும்.

ஸ்கிரிப்டில் 'ரீட்' கட்டளையின் காத்திருப்புக்கு 0.1 விநாடி பெரும்பாலும் சரிப்படும். ஆனால் ஆப்பிள் மேக்குடன் வரும் பாஷ் 3.2 பின்ன விநாடியை ஏற்காது. அங்கே குறைந்தது ஒரு முழு விநாடி கொடுக்க வேண்டும், அல்லது பாஷின் நான்காம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவிக்கொள்ள வேண்டும்.