நாணலும் கரும்பும் எட்டுச் சோதனைகளும்

அந்தியூர், கவுந்தப்பாடி வட்டாரத்து வெல்ல ஆலைகளைக் கடந்து செல்லும் நாம், அங்கு பிழியப்படும் கரும்பு நாணலுக்கும் வாரிசு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 1912இல் கோவையில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கடராமனும் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தனர். வட இந்தியாவுக்கென 1918இல் வெளிவந்த கோ 205 அதன் பயன்.

கலப்பது பாதி வேலை. கலந்தவற்றுள் சிறந்ததை அறிவது மறுபாதி. ஒரு பாத்தியில் பயிர் செழித்தது இரகத்தின் குணத்தாலா, மண்ணின் வளத்தாலா? பயிராய்வாளர் அனைவருக்கும் பொதுவான இக்கேள்வியை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919இல் சேர்ந்த ஃபிஷர் எடுத்துக்கொண்டார். இரகங்களைக் குலுக்கல் முறையில் பாத்திகளுக்குப் பகிர்ந்து, பலமுறை நட்டு ஒப்பிடுக என்றார். அன்றைய சென்னை மாகாணத்து ஹடகளியில் பிறந்த சி. ஆர். ராவ், 1947இல் 'ஆர்த்தோகனல்' அட்டவணைகளுக்குப் பொதுக் கோட்பாடு வகுத்தார். ஏழு காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரு நிலைகள் எனில் 128 சேர்க்கைகள் உண்டு. ஒவ்வொரு காரணியின் தனி விளைவை மட்டும் கணிக்க, அட்டவணைப்படி தேர்ந்த 8 போதும்.

இன்று நுண்ணுயிருக்குள் மரபணுத் துண்டுகளை மாற்றிக் கோக்கும் தொகுப்பு உயிரியலாரும் இத்தகைய அட்டவணைகளை நாடுகின்றனர். செய்த சோதனைகளைக் கொண்டு, செய்யாதவற்றின் முடிவைக் கணினி மாதிரி ஊகிக்கிறது.

ஆனால் சிக்கனத்துக்கும் விலையுண்டு. இரு காரணிகள் கூடும்போது மட்டும் பிறக்கும் விளைவு, அந்த எட்டில் தனி விளைவுகளோடு கலந்து மறைந்துவிடும். கரும்பைத் தனியே, நாணலைத் தனியே அளந்தவர் கோ 205ஐ ஊகித்திருக்க இயலுமா? கணினி சொன்னதையும் ஒருமுறை நட்டுப் பார்த்தே நாம் நம்ப வேண்டும்.