ஸ்பார்க் பிளக்கில் ஆயிலா? இன்ஜின் வேலைக்கு ஓகே சொல்லும் முன் இதைப் பாருங்க!

காலையில் ஸ்டார்ட் செய்தால் கார் லேசாகக் குலுங்குகிறது. மேடு ஏறும்போது பிக்-அப் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வந்தால், மதியம் போன் வருகிறது. ‘பிளக்கெல்லாம் ஒரே ஆயில் சார்... இன்ஜின் இறக்கணும்!’ கேட்டதுமே அந்த மாத பட்ஜெட் ஆட்டம் கண்டுவிடும்.

பதறாதீங்க. ‘பிளக்கில் ஆயில் இருக்கு’ என்பது பாதித் தகவல்தான். பிளக்கின் மேல் பக்கத்திலா, கீழே தீப்பொறி வரும் நுனியிலா என்பதுதான் மீதிப் பாதி. உங்களுக்கு வரப்போவது ஒரு ரப்பர் பேக்கிங்குக்கான செலவா, இன்ஜினைப் பிரிக்கும் செலவா என்பது அதைப் பொறுத்ததுதான். (டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. எனவே, இது பெட்ரோல், சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்களுக்கு.)

கழற்றும்போது கவனம்

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும். இப்போதைய பெரும்பாலான கார்களில் பிளக், இன்ஜினின் தலையில் ஒரு ஆழமான குழிக்குள் இருக்கும். அதன் மேல் இக்னிஷன் காயில் உட்கார்ந்திருக்கும். காயிலை எடுத்ததும் முதலில் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. அங்கே ஆயில் தேங்கியிருந்தால், துடைத்து எடுத்த பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால், ஆயிலும் மண்ணும் நேராக சிலிண்டருக்குள் போய்விடும். அதோடு, நல்லா இருக்கும் நுனியும் ஆயிலாகி, பிரச்னை எங்கே என்றே தெரியாமல் போகும்.

கழற்றிய பிளக்குகளை 1, 2, 3 என்று சிலிண்டர் வரிசைப்படி வையுங்க. கலந்துவிட்டால் பாதித் துப்பு போச்சு.

மேலே மட்டும் ஆயில்: பெருமூச்சு விடலாம்

வெள்ளைப் பீங்கான் பகுதியிலும் காயிலின் ரப்பரிலும் ஆயில் இருந்து, நுனி மட்டும் காய்ந்திருந்தால், ஆயில் சிலிண்டருக்குள்ளிருந்து வரவில்லை. இன்ஜினுக்கு மேல் இருக்கும் டேப்பெட் கவரின் பேக்கிங்கோ, பிளக் குழியைச் சுற்றியுள்ள சீலோ சூட்டில் இறுகி, கசியத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். கவரைக் கழற்றி பேக்கிங்கையும் சீல்களையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆயிலில் ஊறி உப்பிய காயில் ரப்பரையும் பார்த்துவிட வேண்டும். இதற்கு இன்ஜினை இறக்கச் சொன்னால், தாராளமாக ‘ஏன்?’ என்று கேளுங்க.

நுனியில் ஆயில்: இங்கேதான் விசாரணை

நுனி கறுப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தால் சிலிண்டருக்குள் ஆயில் எரிகிறது. ஆனால், கறுப்பெல்லாம் ஆயில் இல்லை. காய்ந்த கரி, மாவு மாதிரி ஒட்டினால், பெட்ரோல் கலவை அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ஈரமாக இருந்து பெட்ரோல் வாசம் அடித்தால், அது எரியாத பெட்ரோல். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருந்தால் பிளக் நலம்.

ஆயில்தான் என்று உறுதியானால், எளிதான விஷயங்களில் இருந்து ஆரம்பியுங்க:

* டிப்ஸ்டிக்கில் ஆயில், ‘மேக்ஸ்’ கோட்டைத் தாண்டி இருக்கிறதா?
* இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா? அடைத்தால், ஆயில் இன்டேக் வழியாக உள்ளே போகும். சின்ன பார்ட்தான்.
* டர்போ இன்ஜின் என்றால், டர்போவில் இருந்து வரும் குழாய்க்குள் ஆயில் நிறைய வழிந்திருக்கிறதா?

எல்லா பிளக்கிலும் ஒரே அளவு ஆயில் என்றால் இந்த மூன்றையும் முதலில் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு பிளக்கில் மட்டும் என்றால் அந்த சிலிண்டரில்தான் கோளாறு.

புகையைப் படியுங்க

இரவு முழுக்க நின்ற காரை ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை குப்பென்று வந்து, பிறகு அடங்கினால் வால்வு ஆயில் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கலாம்.

இதை உறுதிசெய்யத்தான் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டரில் அளவு குறைவாக வந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்... வால்வு ஆயில் சீல் போனாலும், ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து இறுகினாலும் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டலாம். அதனால் டெஸ்ட், புகை இரண்டையும் சேர்த்தே முடிவெடுங்க.

வால்வு சீல்தான் பிரச்னை என்றால், பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே மாற்ற முடியும். ரிங், சிலிண்டர் என்றால்தான் ‘ஃபுல் இன்ஜின் வேலை’.

பிளக்கை மட்டும் மாற்றினால் போதாதா?

கொஞ்ச நாள் ஓடும். ஆயில் வரும் வழியை அடைக்காத வரை புது பிளக்கும் கறுத்துவிடும். எரியும் ஆயில், சைலன்ஸர் பாதையில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அதன் விலை பேக்கிங்கைவிடப் பல மடங்கு. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் காரை விரட்டாதீங்க, கடுமையான மிஸ்ஃபயர் என்று அர்த்தம். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் 1-ம் சிலிண்டர், பி0302 என்றால் 2-ம் சிலிண்டர்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

1. கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துக் காட்டுங்க... ஆயில் மேலேயா, நுனியிலா?
2. குழியைத் துடைத்த பிறகுதானே கழற்றினீங்க?
3. பிசிவி வால்வு பார்த்தாச்சா?
4. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு என்ன? எழுதிக் கொடுங்க.

வேலை தெரிந்த மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பிளக்கைக் கையில் கொடுத்து அவரே விளக்குவார். நான்குக்கும் பதில் வராத வரை, ‘இன்ஜினை இறக்கிடுங்க’ என்று மட்டும் சொல்லிவிடாதீங்க!