பெயர் எழுதாத படங்கள்

கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவை எங்களில் பலர் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவர்கள். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தம், சட்டநிரூபண சபை, இராசகாரிய ஒழிப்பு என்று பரீட்சைக்கு எழுதியும் இருக்கிறோம். ஆனால் அந்தக் கமரனைப் பின்னர் மணந்த பெண் உலகப் புகைப்பட வரலாற்றின் பெரிய பெயர்களுள் ஒன்று என்பதையோ, அவர் எங்கள் மலையகத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பதையோ எவரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஜூலியா மார்கரெட் கமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863இல், தமது 48ஆவது வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கமராவோடு தொடங்கினார். இங்கிலாந்தின் வைற் தீவில் தமது கோழிக்கூட்டைப் படமெடுக்கும் அறையாகவும், நிலக்கரி வைக்கும் இடத்தை இருட்டறையாகவும் மாற்றினார். வெளிச்சத்துக்குப் பகல் ஒன்றே போதுமாயிருந்தது. வேலைதான் கடினமானது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயமுன் படமெடுத்து, காயமுன்னரே கழுவியும் முடிக்கவேண்டும். பிறகு, முட்டை வெண்கரு பூசிய தாளில் வெயிலில் பிரதி எடுக்கவேண்டும். படம் கூர்மையில்லை, கறை தெரிகிறது என்று அக்காலப் புகைப்படக்காரர்கள் ஏளனம் செய்தார்கள். அவருக்கு வேண்டியிருந்ததோ முகம். டெனிசனும் டார்வினும் ஹேர்ஷலும் இன்றும் அவர் எடுத்த முகங்களோடுதான் எங்கள் முன் நிற்கிறார்கள்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கும் தோட்டத் தொழிலாளரையும் கிராமத்தவரையும் படமெடுத்தார். 1879 தை மாதம் காலமானார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

அந்த இலங்கைப் படங்களில் எஞ்சியவை சிலவே. டெனிசனின் படத்தின் கீழ் டெனிசன் என்று இருக்கிறது. இங்கே எடுத்த ஒன்றின் கீழ் இருப்பதோ 'களுத்துறைக் குடியானவர்கள்'. அதே கை, அதே கவனம், அதே வெளிச்சம். பெயர் மட்டும் இல்லை. தோட்டத் தொழிலாளரின் சந்ததி 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றதாக்கப்பட்டபோது, பெயர்ப் பதிவு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரிந்தது.

மில்லிக்கனில் ஒரு பேஸ்மென்ட் குளியலறையை, றெஸ்ரோரன்ட் வேலை முடிந்த இரவுகளில், நாங்கள் சிலர் இருட்டறையாக்குகிறோம். பழைய பென்ரக்ஸ் கே1000 ஒன்று, 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, எச்.பி.5 பிளஸ் பிலிம். டிவெலப்பர் டி-76; 1927 முதல் உள்ள சூத்திரம். மெற்றோல், சோடியம் சல்பைற்று, ஹைட்ரோகுயினோன், போராக்ஸ், அவ்வளவுதான். அதே அளவு தண்ணீர் கலந்து, 20 பாகையில் 11 நிமிடம். அடுப்படியில் நிற்பவர்களுக்கு நேரமும் சூடும் பார்ப்பது புதிதல்ல. ரொறன்ரோவின் மவுன்ற் டெனிசில் இருந்த கொடக் தொழிற்சாலை 2005இல் மூடப்பட்டது. ஆனாலும் நாலு இரசாயனமும் ஒரு தராசும் இருந்தால் இந்த வேலை நிற்காது.

ஒன்றில் மட்டும் நாங்கள் சுலபமான வழியை எடுக்கவில்லை. பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளை ஹைப்போவுக்குப் பிறகு சில நிமிடங்களில் கழுவிவிடலாம். பூச்சில்லாத தாளுக்கு ஒரு மணித்தியாலம்கூடச் செல்லும். அதைத்தான் பாவிக்கிறோம். 1944இல் இறந்த கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட்டின் நெகடிவ்கள் அவருக்குப் பின் அழிக்கப்பட்டன. அவர் தம் கையால் எடுத்த பிரதிகளே அவரைக் காப்பாற்றின. எங்களில் பலருக்கும் நெகடிவ் இல்லை, அல்பம் இல்லை. ஒருவரிடம் தாயாரின் படமென்று இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றே.

பூச்சில்லாத தாளின் பின்புறத்தில் பென்சில் நன்றாகப் பிடிக்கும். போன மாரியில் ஒரு அம்மாவைச் சமையலறை யன்னலடியில் இருத்திப் படமெடுத்தோம். பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முன்பக்கத்தைக் கொஞ்சநேரம்தான் பார்த்தார். திருப்பி, எழுதியிருந்ததை வாசித்தார்.

“பேரை மட்டும் எழுதி விட்டிட்டியளே தம்பி, ஊரையும் எழுதுங்கோ.”

மயிலிட்டி என்று எழுதினோம். 1990இல் வெளிக்கிட்டவர்.