தண்ணி வருதுன்னு சொன்னவன் எங்கே படுத்தான்?

கடலோர வெள்ளத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் காற்றின் வேகத்தை எழுதுகிறார்கள், அலையின் உயரத்தை எழுதுகிறார்கள். தண்ணி வருதுன்னு தெருத் தெருவாய்ப் போய்ச் சொன்னது யார், சொன்னவன் குடும்பம் அன்று ராத்திரி எங்கே படுத்தது என்று எழுதுவதில்லை. நாகப்பட்டினக் கரையை வைத்து அதைக் கேட்டுப் பார்க்கிறேன்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருகின்றன. ஓதம் கூடுகிறது. நிலவு பூமிக்குக் கிட்டத்தில் வரும்போது இன்னும் கூடுகிறது. நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் காவிரிக் கடைமடையின் வடிகால்கள் ரொம்பி ஓடுகின்றன. கடல் உயர்ந்து நின்றால் அந்தத் தண்ணி வடியாது. பள்ளம் பார்த்துத் திரும்பும். புயலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நாகப்பட்டினத்தை 1952இல் புயல் தாக்கியது நவம்பர் 30, மறுநாள் பௌர்ணமி. 1977இல் தாக்கியது நவம்பர் 12. முந்தின நாள் அமாவாசை. புயல் வரும் நாளை வெகு முன்பே சொல்ல முடியாது. கடல் உயரும் நாளை ஒரு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிடலாம்.

அந்தப் பள்ளத்தில் யார் இருக்கிறார்கள்? மேடு ஊருக்கு, வடிகால் ஓரம் சேரிக்கு. இது இயற்கை போட்ட கோடு இல்லை. பண்ணையாள் குடிசை போட்ட மனை மிராசுதாருடையது. நெல் விளையாத மூலையைக் காட்டி அங்கே இருடா என்றார்கள். 1971ஆம் ஆண்டின் குடியிருப்பு மனைச் சட்டம் அந்த மனையை உழைப்பவனுக்கே சொந்தமாக்கியது. போராடிப் பெற்ற உரிமை அது. ஆனாலும் பட்டா வந்ததே தவிர, பள்ளம் மேடாகவில்லை.

தண்டோரா போடுவது எங்கள் தாத்தாவின் மேல் சுமத்தப்பட்ட ஊழியம். 1977 புயலைப் பற்றி அப்பாயி சொல்லும்: "ஊரு முச்சூடும் அடிச்சிச் சொல்லிட்டு வந்தாரு சாமி. எல்லாரும் கல்லு வூட்டுக்குள்ள போயிட்டாங்க. நாங்க புள்ளைங்களத் தூக்கிக்கிட்டுப் போனா, மாட்டுக் கொட்டாயக் காட்டுனாங்க. மாடு உள்ள நின்னுச்சு, நாங்க தாவாரத்துல நின்னோம்."

2004 டிசம்பர் 26இல் வந்தது ஓதமல்ல, சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்தார்கள். மீனவ மக்களின் இழப்பு சொல்லி மாளாதது. அழுகிய பிணங்களை எடுக்க வெளியூர்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள், பெரும்பாலோர் தலித்துகள். அதே நாட்களில் தலித்துகளுக்கு முகாம்களில் இடமும் தண்ணியும் மறுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. படகுக்கும் வலைக்கும் கணக்கு இருந்தது. உப்பேறிய வயலில் கூலி போனவளுக்கு எந்தக் கணக்கில் இடம்?

2022 ஆகஸ்டில் தமிழக அரசு தண்டோராவைத் தடை செய்தது. ஒலிபெருக்கி வைத்த வண்டி போதும் என்றது. இழிவு ஒன்று ஒழிந்தது, மகிழ்ச்சி. இனி நாம் கேட்க வேண்டியது, அந்த வண்டி சேரிக்குள் திரும்புமா என்று.

தோழர்கள் ஐப்பசிக்கு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்துச் சேரி முகப்பில் எழுதிப் போடுங்கள். வடிகாலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடந்தால் மனுக் கொடுங்கள். கடைமடை மதகின் பலகை சரியாக இறங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். ஆடு, கோழி, விதைநெல், பாத்திரம், கூலி நாள் எல்லாவற்றையும் வீட்டுக்கு வீடு இப்போதே எழுதி வையுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு வரும் அதிகாரி எழுதமாட்டார். புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது ஊருக்குள் ஒரு வீட்டில் தொங்கினால், இன்னொரு சாவி சேரியில் இருக்கவேண்டும் என்று கேளுங்கள்.