70,000 மரணங்களை எண்ணிய வைத்தியர்

மலைநாட்டு வைத்தியம் என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கண்டி மன்னர்களுக்கு அரண்மனை வைத்தியர்களாயிருந்த கோபால குடும்பத்தார்தான். பெருமைக்குரிய கதை அது. எழுதவேண்டியவர்கள் எழுதியும் இருக்கிறார்கள். அந்த ராஜ்யம் போய், காடு வெட்டிக் கோப்பி நட்ட பிறகு, அதே மலைகளில் வேறொரு கேள்வி எழுந்தது. தோட்டத்தில் விழுந்து கிடக்கிற கூலிக்கு மருந்து கொடுக்க வேண்டியவன் யார்? துரையா, அரசாங்கமா? இதைப் பகிரங்கமாகப் போட்டு உடைத்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டோபர் எலியட் என்ற அயர்லாந்து நாட்டு வைத்தியர்.

எலியட் 1810இல் பிறந்தவர். 1834இல் இலங்கைக்கு வந்து உதவி அரசாங்க வைத்தியராகப் பதுளையில் வேலை பார்த்தார். அந்த உத்தியோகத்தில் நீடிக்கவில்லை. கொழும்பு வர்த்தகர்கள் 1834இல் தொடங்கிய ‘ஒப்சேவர்’ பத்திரிகையை அடுத்த வருடமே பொறுப்பேற்றார். பகலில் நோயாளி, இரவில் அச்சுக்கூடம் என்று கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு ஓடியது. நம்மட சித்திலெப்பை கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ நடத்தியது இதற்கெல்லாம் வெகு பின்னர், 1882இல். இரண்டு பேருக்கும் பத்திரிகை ஒரு தொழிலாக மட்டும் இருக்கவில்லை.

1840களில் கோப்பி ஒரு பைத்தியம்போலப் பரவியது. ஆள் வேண்டும், ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கங்களில் பஞ்சம் ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கியவர்கள் அங்கிருந்து நடக்கத் தொடங்கினார்கள். வன்னிக்காடு, தம்புள்ளை, மாத்தளை என்று ஏறத்தாழ 150 மைல். உப்பும் கருவாடும் ஏற்றிப் பொதிமாட்டுத் தவளம் நடத்திய நம் முன்னோருக்கு உள்நாட்டுப் பாதைகள் அத்துப்படி. எந்த இடத்தில் மாட்டை அவிழ்க்கலாம், எந்தக் குளத்துத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று தெரியும். முதல் தடவை வந்தவனுக்கு அதெல்லாம் யார் சொல்வது? உடைந்த குளங்களின் தண்ணீர், வாந்திபேதி, காட்டுக் காய்ச்சல். நடக்க முடியாதவரைப் பாதையோரத்தில் விட்டுவிட்டுக் கங்காணியின் கூட்டம் நகர்ந்தது. மிஞ்சியவர்கள் சமவெளியின் வெயிலுக்குப் பழகிய உடம்போடு மலைக்குளிரில் ஏறினார்கள். வந்த செலவு முழுவதும் அவரவர் பேரில் கடனாக எழுதப்பட்டிருந்தது.

எத்தனை பேர் செத்தார்கள்? அதைச் சொல்ல ஒரு பதிவேடும் இல்லை. துரையின் கணக்குப் புத்தகத்தில் பெயர் வெட்டப்படுமே தவிர, காரணம் எழுதப்படாது. துறைமுகத்தில் வந்தவர் தொகை இருந்தது, திரும்பியவர் தொகை இருந்தது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, தோட்டங்களில் நின்றவர்களையும் கழித்தால் மிஞ்சுகிறவர்கள் எங்கே போனார்கள்? 1849இல் எலியட்டின் ஒப்சேவர் இதற்கு ஒரு விடை சொன்னது. 1840கள் தொடங்கி அந்த வருடம் வரைக்கும் சுமார் 70,000 பேர் மாண்டிருக்க வேண்டும்; வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு.

இந்தத் தொகையைச் சிலர் கேள்வி கேட்டார்கள். கேட்டதில் நியாயமும் இருக்கிறது. கணக்கில் வராமல் சிறுதுறைகள் வழியாக ஊர் திரும்பியவர்கள் உண்டு. ஆகவே 70,000 என்பதைக் கல்லில் பொறித்த எண்ணாக எடுப்பது சரியில்லை. ஆனால் இந்த எண்ணை மறுத்தவர்களிடமும் வேறு பதிவேடு இருக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மனிதர்கள் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கும் நாட்டில் அவர்கள் சாவதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு வைத்தியன் நாடி பார்ப்பதுபோல எலியட் முதலில் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். அதே வருடங்களில் அவர் பிறந்த அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அப்போதும் அங்கிருந்து தானியம் ஏற்றிய கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஆள் செத்தால் கோப்பி பறிக்க ஆளில்லை என்ற வியாபாரக் கணக்கும் அக்காலத்து எழுத்துகளில் கருணையோடு கலந்தே கிடக்கிறது. இருந்தாலும் ஒப்சேவரை வாங்கிப் படித்தவர்களே வர்த்தகரும் துரைமாரும்தான். அவர்கள் முகத்துக்கு நேரே இதை அச்சடிப்பது லேசான காரியமில்லை.

அரசாங்கத்துக்கும் அவர் ஏற்கெனவே வேண்டாதவர். 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, றோட்டு வேலைக்கு வரி என்று விதித்தபோது, ‘ஓர் ஆங்கிலேயன்’ என்ற பெயரில் எலியட் எழுதிய கடிதம் சிங்களத்திலும் பெயர்க்கப்பட்டுக் கைமாறியது. மாத்தளைக் கலவரத்துக்கு அந்தக் கடிதமே தீ வைத்தது என்று ஆட்சியாளர்கள் குற்றஞ்சாட்டினார்கள். புரன் அப்பு சுடப்பட்டார். விவகாரம் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போய், 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். அப்படிப்பட்ட ஆளின் கையிலிருந்து வந்த மரணக் கணக்கை ‘அவன் எப்போதும் இப்படித்தான்’ என்று ஒதுக்குவது சுலபம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1858இல் சிவில் வைத்தியத் திணைக்களம் தனியாக அமைந்தபோது அதன் முதல் தலைவராக அதே எலியட்டையே நியமித்தார்கள். அதிகாரம் கைக்கு வந்தது, ஆயுள் வரவில்லை. 1859இல் காலமானார். பத்திரிகை பேர்கசன் கைக்குப் போனது.

அடுத்த குரல் கம்பளையிலிருந்து வந்தது. பறங்கியர் சமூகத்து வைத்தியர் வான் டோர்ட், கம்பளை ஆஸ்பத்திரியைப் பற்றியும் அங்கே ‘மலபார்க் கூலிகள்’ சாவதன் காரணங்கள் பற்றியும் எழுதிய அறிக்கை 1869இல் வெளியானது. (தமிழரை ‘மலபார்’ என்றழைப்பது அக்கால வெள்ளைக்காரர் வழக்கம்.) எலியட் கையில் இருந்தது துறைமுகக் கழித்தல் கணக்கு, வான் டோர்ட் தன் வார்டில் கிடந்தவர்களைப் பார்த்து எழுதினார். கழித்தல் கணக்கை மறுத்ததுபோல ஆஸ்பத்திரிக் கட்டிலை மறுப்பது கஷ்டம்.

மூன்று வருடத்தில் சட்டம் வந்தது. 1872ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் ஏற்படுத்தி, செலவைத் தோட்டங்களின் தலையில் வைத்தது. எலியட் தொடங்கிய வாதத்தின் வெற்றி என்று இதைச் சொல்லலாம்தான். எனக்கு அரை வெற்றியாகவே தெரிகிறது. தொழிலாளியின் உடம்புக்குப் பணம் கட்டுகிறவன் அவனை வேலை வாங்குகிறவனே என்று சட்டம் தீர்மானித்துவிட்டது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, லயத்துக் காம்பராவிலேயே கிடக்கவிடுவதா என்று முதலில் பார்க்கிறவன் துரை. அனுப்பினால் செலவும் அவனுக்கு, இழந்த வேலைநாளும் அவனுக்கு. நாட்டின் மற்றக் குடிகளுக்கு ஒரு வைத்தியத்துறை, தோட்டத்தானுக்கு வேறொன்று என்ற பிரிவு இங்கேதான் உறைந்தது.

கோப்பி இலைநோயில் அழிந்து தேயிலை வந்தது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் போனது. இந்தப் பிரிவு மட்டும் அசையவில்லை. 1912இன் புதிய சட்டங்கள் அதைத் திருத்தின, கலைக்கவில்லை. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். வெறுங்காலோடு நிற்கிறவரின் பாதத்தைத் துளைத்து ஏறும் புழு, ஈரமான மலைமண்ணில் நன்றாக வாழும். மருந்து கொடுத்தால் புழு விழும். மலசலகூடம் இல்லாவிட்டால் திரும்ப ஏறும். மருந்தைத் துரைமார் ஏற்றுக்கொண்டார்கள். மலசலகூடம் கட்டுவது செலவு என்பதால் அதில் இழுபறிதான். மருந்து குடித்தவர் அதே மண்ணில் மறுபடியும் வெறுங்காலோடு நின்றார்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இலங்கையின் இலவச வைத்தியத்தை உலகம் மெச்சிக்கொண்டிருந்த காலத்திலும் தோட்டத்துத் தாய் பிரசவத்துக்கு நம்பியிருந்தது தோட்டத்து மருத்துவச்சியையும், மருந்துக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியையும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் சுகாதார அமைச்சு மெல்ல உள்ளே வந்தது. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பெடுப்பது துண்டு துண்டாக நடந்தது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கிற நம்மவர்கள் கொழுந்துக்காரப் பெண்களை நாளும் பார்க்கிறார்கள், கடன் கொப்பியில் பெயர் எழுதுகிறார்கள். கையில் வரும் பிள்ளையின் உயரத்தை யாரும் அளப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதாரக் கணக்கெடுப்பு அளந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதற்கும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32.